விளைக்கு ஒரு மெஷின்

ஜூன் 4, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. ஜனவரியில் பீரோவுக்குள் போனது, இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. மெஷின் வாங்கும் காரியத்தை எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும். துண்டுக் காகிதத்தில் எழுதினால் ஜஸ்டஸ் அதில் கடலைத் தோலை மடித்துத் தூரப் போட்டுவிடுவார்.

காரியம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு விளை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தோட்டம் என்பார்கள். தென்னை, வாழை, சாதிக்காய் மரம், பலாவில் ஏறிய நல்லமிளகு, கீழ்ப்பக்கம் ஓடைக்கரை வரைக்கும் புல். மழை தொடங்கியதும் புல்லுக்கு வெறி பிடித்துவிட்டது. இதுவரை வெட்டித் தந்த ஆள் கோட்டயம் பக்கம் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஜஸ்டஸ் காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர். அரிவாளோடு குந்தினால் தூக்கிவிட ஆள் வேண்டும். நேற்று குளியலறைச் சுவரோரம் ஒரு பாம்பு. சாரைதான் என்கிறார். அதன் பெயர் என்னவாக இருந்தால் எனக்கென்ன?

"அரிவாள நீங்களே எடுக்கலாமேம்மா, சின்னதுல எல்லாம் நீங்கதானே அறுப்பீங்க" என்று மகள் ஷைனி மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னாள். அரிவாள் என்றால் இடது கையால் புல்லைக் கூட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கெல்லாம் இப்போது எனக்குப் பொறுமை கிடையாது.

ஆகவே மெஷின். ஒரே மெஷின். புல் வெட்ட வேண்டும், தலையை மாற்றிப் போட்டால் மரத்தில் கொப்பு கழிக்க வேண்டும், வாழை மூட்டைச் சுற்றி மண்ணும் கிளற வேண்டும். அப்படி ஒன்று உண்டாம்.

இந்த டைரியில் மெஷினைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன்.

ஜூன் 6, செவ்வாய்

மெஷினைப் பற்றி எழுத இன்று ஒன்றுமில்லை. நான் வேலை பார்க்கும் குழந்தைகள் வார்டில் மூச்சுவிட நேரமில்லை. மழை என்றால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வரிசையாகக் குழந்தைகள். மதியம் எட்டு மாதப் பிள்ளை ஒன்று துவண்டு வந்தது. டிரிப் ஏற்ற இரண்டு பேர் குத்திப் பார்த்தும் வெயின் கிடைக்கவில்லை. "லில்லி சிஸ்டரக் கூப்பிடு" என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அது ஒரு பழக்கம். கீழே அவசர சிகிச்சையிலும், மேலே பிரசவ வார்டிலும், பிள்ளைக்கு வெயின் கிடைக்கவில்லை என்றால் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் என்னைத் தேடி வருவார்கள். பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். இது போனால் நான் யார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

எல்லாரும் நினைப்பதுபோல் குத்தும் கையில் ஒன்றுமில்லை. காரியம் இடது கையில் இருக்கிறது. அது பிஞ்சு மணிக்கட்டைப் பிடித்துத் தோலை இழுத்துத் தர வேண்டும். பிடி அசைந்தால் வெயின் நழுவிவிடும். இன்று பிடி அசையவில்லை. முதல் குத்திலேயே கிடைத்தது.

பிறகு டீ குடிக்கும்போது இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மழைக் குளிர்.

ஜூன் 10, சனி

மார்த்தாண்டம் போகும் வழியில் ரசலையன் கடை. மோட்டார், பம்ப்செட், புல் வெட்டும் மெஷின் எல்லாம் சுவரில் தொங்குகின்றன. ரசலையனுக்கு என்னைத் தெரியும். அவருடைய பேரப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நான்தான் ஊசி போட்டேன். அதனால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"சிஸ்டர், ஒரு மெஷின் வாங்கினா நாலு மெஷின் வாங்கினது மாதிரி. இந்தத் தல போட்டா நைலான் நூலு, புல்லு வெட்டும். இது பிளேடு, காட்டுச்செடி அறுக்கும். இது கம்புல ரம்பம், கீழ நின்னுட்டே கொப்பு கழிக்கலாம். இது மண்ணக் கொத்தும்."

"பெட்ரோலா?"

"பெட்ரோலு உண்டு, பேட்டரி உண்டு. உங்களுக்கு நான் பேட்டரியத்தான் சொல்லுவேன். கனம் இல்ல, சத்தம் இல்ல, பிள்ளைய எடுக்குத மாதிரி எடுக்கலாம்."

பேட்டரி மெஷினைத் தோளில் மாட்டிவிட்டார். உண்மைதான், கனமே இல்லை. பொத்தானை அழுத்தினால் மிக்ஸி மாதிரி ஒரு சின்ன முனகல், விட்டால் உடனே அமைதி. "இடது கைய இவ்வளவு வெறைப்பாப் பிடிக்காதீங்க சிஸ்டர், லூசா விடுங்க" என்றார். நான் லூசாகத்தான் விட்டிருந்தேன்.

பிடிக்கவில்லை. விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜஸ்டஸ் பழைய ஞாபகத்தில் படிக்கட்டுப் பக்கமே நின்றார். உட்காரச் சொல்லி நான் அலற வேண்டியிருந்தது.

ஜூன் 14, புதன்

வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. ஒருவர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் போதும் என்கிறார், இன்னொருவர் நான்கு ஸ்ட்ரோக்தான் நிற்கும் என்கிறார். தலை மாற்றுகிற மெஷின் எதற்குமே முழுசாக உதவாது என்று ஒருவர், விவசாயிக்கு அதுதான் வரம் என்று அவருடைய மச்சான் மாதிரி ஒருவர். நேற்றைக்கு நான்கு ஸ்ட்ரோக் என்று முடிவு செய்தேன். இன்று காலை தோசை ஊற்றும்போது மாறிவிட்டது. சாயங்காலம் மெஷினே வேண்டாம், இரண்டு ஆடு வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

"எதுக்கு இப்படிப் பதறிப் பதறி வெப்ராளப்படுத?" என்றார் ஜஸ்டஸ். "புல்லு எங்கயும் ஓடிராது."

புல் ஓடாது. எனக்குத்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது. கை சும்மா இருந்தால் அதற்கு ஒரு வேலை கொடுக்கத் தோன்றுகிறது. காய்ந்த துணியையே இரண்டு தடவை மடித்தேன்.

மளிகைச் சீட்டைக் கடைக்காரரால் படிக்க முடியவில்லையாம். "எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கியே" என்று இவர் திரும்பி வந்தார். பேனா சரியில்லை.

ஜூன் 17, சனி

மறுபடியும் ரசலையன் கடை. இன்று நல்ல நேரம். மழை விட்டிருந்தது, கடைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ஒருவருக்காகப் பெட்ரோல் மெஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். காது கிழிகிற சத்தம். காட்டாமணக்கு, தொட்டாவாடி, கோரை எல்லாம் படுத்துவிட்டன. நிறுத்திவிட்டு வந்து டீ கிளாஸை எடுத்தார். டீ அவர் சட்டையில் கொட்டியது.

கை நடுங்கியது. ரசலையனின் கை, மாடு மாதிரி இருக்கிற மனிதரின் கை, பாவம் அப்படி நடுங்கியது.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். பெட்ரோல் மெஷின் பிடிச்சா அப்படித்தான். வைப்ரேஷன். டீ கிளாஸு கையில நிக்காது." அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தர்கூட அவரை வேறு மாதிரிப் பார்க்கவில்லை.

கையை மேசையில் வைத்ததும் அடங்கிவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

"இதத்தான் நான் எடுக்கேன்" என்றேன்.

"இது கனம் கூட. நீங்க பேட்டரி..."

"அண்ணே, இதுதான்."

ஜஸ்டஸ் என்னைப் பார்த்தார்.

ஜூன் 18, ஞாயிறு

ஷைனிக்குக் கோபம். அவளும் நர்ஸ், அவளுக்கு எல்லாம் தெரியும்.

"அம்மா, அம்பத்தஞ்சு வயசுல அந்தக் கனத்தத் தூக்கிட்டு நிப்பீங்களா? பேட்டரி எவ்வளவு நல்லது!"

"இங்க கரண்டு எப்ப இருக்கு மக்களே? மழ வந்தாப் போயிருது. பேட்டரிய எங்க வச்சு சார்ஜ் செய்ய?"

"இன்வெர்ட்டர் இருக்கே."

"இன்வெர்ட்டர்ல ஃபேன் ஓடுமா, புல்லு வெட்டணுமா?"

நல்ல பதில். எனக்கே பிடித்திருந்தது. வேறு காரணங்களும் உண்டு: பெட்ரோலுக்குச் சக்தி கூடுதல், ஓடைக்கரைக் காட்டுச்செடிக்குப் பேட்டரி தாங்காது, நான்கு தலையும் இதில் பொருந்தும். எந்தக் காரணத்தையும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூன் 24, சனி

மெஷின் வந்தது. ஆரஞ்சு நிறம். ரசலையனே ஆட்டோவில் கொண்டுவந்து, பெல்ட்டை என் அளவுக்கு இறுக்கி, பெட்ரோலில் ஆயில் கலக்கும் விதத்தைச் சொல்லித் தந்துவிட்டுப் போனார்.

ஜஸ்டஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பிள்ளே, எங்கயோ ஒழுகுது. வீடு முழுசும் பெட்ரோல் நாத்தம்."

எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை. குனிந்து பார்த்தால் கேன் மூடி சரியாகத் திருகவில்லை, என் சேலை ஓரமே நனைந்திருக்கிறது. சளி போலிருக்கிறது.

கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. ஜஸ்டஸ் ஒரே இழுப்பில் செய்தார். பிறகு மெஷின் என்னிடம் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் நுழைந்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை, வேறு எதுவும் இல்லை. தோள், முழங்கை, விரல் எல்லாம் மொத்தமாக அதிர்ந்தன. என்னுடையது எது, மெஷினுடையது எது என்று பிரிக்க முடியாது. பல நாளுக்குப் பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. வாழைத் தோப்பு முழுக்க வெட்டினேன். ஒரு வாழைக்கன்றையும் சேர்த்து.

டீ குடிக்கும்போது கையை முந்தானைக்குள் வைக்கவில்லை. "மெஷின் பிடிச்சதுல்லா, கை பாருங்க" என்று ஜஸ்டஸிடம் நீட்டிக் காட்டினேன்.

"ஆமா" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்ன, அந்தக் கனம்லா."

ஜூன் 26, திங்கள்

வார்டில் எல்லாருக்கும் மெஷின் கதை சொன்னேன். என்ன நிறம், எத்தனை தலை, வாழைக்கன்று போன விதம். சிரித்தார்கள். சின்ன நர்ஸ் ஜெர்லின், "அதான் சிஸ்டருக்கு கை ஆடுது" என்றாள். "அதான்" என்றேன். இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் போன மாதமே வாங்கியிருப்பேன்.

ஜூலை 2, ஞாயிறு

சாதிக்காய் மூட்டில் வெட்டினேன். வெட்ட வேண்டிய அளவுக்குப் புல் இல்லை. இருந்தாலும் வெட்டினேன்.

ஜூலை 8, சனி

ரம்பத் தலையை மாட்டிப் பலாக் கொப்பு கழித்தேன். நல்லமிளகுக் கொடியும் வந்துவிட்டது. ஜஸ்டஸ் அதைத் திரும்பக் கட்டிவைத்தார், முழங்காலோடு. "பாதி விளைய நீயே வெட்டி முடிச்சிருவ போல" என்று மட்டும் சொன்னார்.

இவர் முன்பு இப்படிக் கிடையாது. ஒரு தேங்காய் குறைந்தால்கூட ஊர் கேட்கச் சண்டை பிடிக்கிற ஆள். இந்தப் பொறுமை எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 12, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விடலாம். டைரி யாரும் கேட்டு எழுதுவதில்லை.

மூன்று மாதப் பெண் குழந்தை. வாந்தியில் கண் உள்ளே போயிருந்தது. ஜெர்லின் முயன்றாள், டாக்டர் முயன்றார், பிறகு நான். மணிக்கட்டைப் பிடித்தேன். முதலில் கை நின்றது. எப்போதும் வேலை என்று வந்தால் நின்றுவிடும், அந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஊசியைக் கொண்டுபோகும்போது பெருவிரல் தொடங்கியது. தோல் விரலுக்குக் கீழே நகர்ந்தது, வெயின் போய்விட்டது. மறுபடியும். மறுபடியும். குழந்தையால் அழக்கூட முடியவில்லை. நான் குத்திய இடமெல்லாம் நீலமாக வீங்கியது.

அதன் அம்மா என்னைத் திட்டவில்லை. "சிஸ்டருக்குக் குளிருதா?" என்று கேட்டாள்.

"ஏசி கூட" என்றேன்.

கடைசியில் டாக்டர் கணுக்காலில் போட்டார். குழந்தை பிழைத்துக்கொள்ளும். நான் மருந்து அறைக்குள் போய்ச் சாமான்களை அடுக்கினேன், அடுக்கியதையே கலைத்து அடுக்கினேன்.

ஜூலை 13, வியாழன்

மேட்ரன் கனகபாய் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சர்ச். வயதில் என்னைவிட மூத்தவர்.

"லில்லி, உனக்க கை என்ன செய்யுது?"

"புல்லு வெட்டுத மெஷின் மேட்ரன். பெட்ரோலு. பிடிச்சா கொஞ்ச நாளைக்கு இருக்குமாம்."

அவர் மேசை மேல் இருந்த என் கையைப் பார்த்தார். நான் அதை மடிக்கு இறக்கினேன்.

"செரி. அப்ப மெஷின விடு. இந்த மாசம் முழுக்கத் தொடாண்டாம். பிறகு பாப்போம். அது வரைக்கும் வெயின் எடுக்க ஜெர்லின் போட்டும்."

மெஷினை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் மாறாது, அதுதான் பயம்.

ஜூலை 15, சனி

ஜஸ்டஸிடம் மேட்ரன் சொன்னதைச் சொன்னேன், பாதியை.

"அதுக்கென்ன, இனி நான் வெட்டுதேன். நீ டூட்டிக்குப் போற நேரத்துல மெதுவா நின்னு வெட்டினாப் போதுமே."

"உங்க முட்டு?"

"நின்னு வெட்டுதது தானே. நான் நிக்காத நிப்பா?"

ஜூலை 19, புதன்

டூட்டி முடிந்து வந்தபோது இவர் முன்னறையில் களைத்து உட்கார்ந்திருந்தார். "கீழ்ப்பக்கம் ஒக்க, ஓடை வரைக்கும், வெட்டியாச்சு. நீ இனி அங்க இறங்காண்டாம், வழுக்கும்." டீ போட்டுத் தந்தேன். கை கொஞ்சம் நடுங்கியது அவருக்கு.

எனக்குச் சந்தோஷம் வந்தது. இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை. வந்தது.

ஜூலை 23, ஞாயிறு

வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் முறை. ஏத்தன்பழம் அவித்தது, முறுக்கு, டீ. மேட்ரனும் வந்திருந்தார். பாட்டு முடிந்து எல்லாரும் பாயிலும் நாற்காலியிலுமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நான் டீ தட்டைத் தூக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தூக்கவைத்தேன்.

அப்போது ஜஸ்டஸின் கையை யாரோ கவனித்துவிட்டார்கள். இடது கை. மடியில் கிடந்தது, பெருவிரலும் சுட்டுவிரலும் ரப்பர் ஒட்டுப்பாலை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டே இருந்தன. "என்ன கண்டக்டரே, கையி?" என்று கேட்டார் பாஸ்டர்.

"எல்லாம் அந்த மெஷினுக்க வேல பாஸ்டர்" என்றார் இவர், அறை முழுக்கக் கேட்கிற கண்டக்டர் குரலில். "நான் நிறுத்தி ரெண்டு மூணு நாளாச்சு. இன்னும் நிக்கல்ல. லில்லிக்கும் இதே மாதிரிதான். பெட்ரோல் மெஷின் பிடிச்சா மாசக்கணக்குல இருக்கும்னு ரசலையன் சொல்லுதான்."

ஆளாளுக்கு மெஷின் கதை சொன்னார்கள். ஒருவருடைய மச்சானுக்கு ரோடு உடைக்கிற மெஷின் பிடித்து விரல் வெளுத்துப்போனதாம். நான் மேட்ரனைப் பார்த்தேன். பார்த்தீர்களா என்று கேட்கிற மாதிரி. அவர் ஜஸ்டஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை. பிறகு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இவருக்கும் இருக்கிறது. அப்படியென்றால் மெஷின்தான்.

ஜூலை 30, ஞாயிறு

சர்ச் விட்டு வந்து மதியச் சாப்பாட்டுக்கு இலை அறுக்க விளைக்கு இறங்கினேன். வழுக்கும் என்று இவர் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனாலும் நல்ல இலை எல்லாம் கீழ்ப்பக்கத்தில்தான்.

புல் என் இடுப்புக்கு நின்றது.

ஓடைக்கரை வரைக்கும் அப்படியே நின்றது. ஒரு தண்டுகூட வெட்டுப்படவில்லை. நான் வெட்டிய வாழைத் தோப்பிலேயே கணுக்கால் வரை வளர்ந்துவிட்டது. விறகுப்புரைக்குள் போய்ப் பார்த்தேன். மெஷின் நான் தொங்கவிட்ட இடத்தில் தொங்கியது. கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. ஊற்றி வைத்த பெட்ரோல் குறையவில்லை.

அங்கேயே விறகின் மேல் உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திரும்ப வந்தது. டீ கிளாஸைத் தூக்கியபோது இவர் கை ஆடவில்லை. மடியில் சும்மா கிடந்தபோதுதான் ஆடியது. மெஷின் ஒருவனை அப்படி ஆட்டாது. மெஷினுக்கு இடது வலது தெரியாது, விரலை உருட்டவும் தெரியாது. ரசலையனின் கை மேசையில் வைத்ததும் அடங்கியதை நான்தானே பார்த்தேன். சும்மா இருக்கும்போது இடது கையில் இரண்டு விரல் மட்டும் உருளுவது எது என்று எந்த நர்ஸும் சொல்லிவிடுவாள். அது என்னுடையது. ஏப்ரல் மாதத்திலிருந்து நான் பைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் ஒளித்துவைத்தது. அதை இவர் அப்படியே எடுத்து, எல்லார் முன்னாலும் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அழுதேன். இலை அறுக்காமல் மேலே வந்தேன்.

"எல எங்க பிள்ளே?"

"புல்லு எங்க வெட்டினீங்க?"

இவர் பேப்பரை மடித்தார். மடித்துக்கொண்டே இருந்தார்.

"எப்பத்துல இருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஈஸ்டருக்கு முந்தியே. சர்ச்சுல பாட்டுப் புஸ்தகம் உனக்க கையில கிடந்து ஆடிச்சு. நான் அடியில கை குடுத்தேன். நீ பாடிட்டே இருந்த."

"பின்ன எதுக்குச் சொல்லல்ல?"

"நீ நர்ஸு. நான் கண்டக்டரு. உனக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்? நீ சொல்லாம இருக்கேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு இருந்தேன். நீ மெஷின்னு சொன்ன. செரி, நானும் மெஷின்னு சொன்னேன்."

"அப்படியே செய்தீங்களே. எங்க படிச்சீங்க?"

"டிக்கெட்டு கிழிச்ச விரலுதானே. கண்ணாடி முன்னால நின்னு நாலஞ்சு நாள் பழகினேன்." பேப்பரைக் கீழே வைத்தார். "எப்பவும் பாத்துட்டு இருக்கதுதானே லில்லி. அதுல படிக்க என்ன இருக்கு?"

அவரை அடிக்கவேண்டும் போல் இருந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், என் இடது கையால். ஆடினால் ஆடட்டும் என்று.

ஜூலை 31, திங்கள்

மேட்ரன் கூப்பிடும் முன்பே போய்விட்டேன். "மெஷின் இல்ல மேட்ரன். இனி பிள்ளைகளுக்கு வெயின் எடுக்க என்னைக் கூப்பிடாண்டாம்னு எல்லா வார்டுலயும் சொல்லிருங்க" என்றேன். அவர் எழும்பி வந்து நாற்காலியைத் தள்ளித் தந்தார்.

"ஜஸ்டஸ் நடிச்சது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "நீயா வருவேன்னு இருந்தேன். வராட்டி இன்னைக்குக் கூப்பிட்டிருப்பேன். போய் டாக்டரப் பாரு. வேல இங்க கெடக்கு, வெயின் எடுக்குதது மட்டுமா வேல?"

மதியம் எதிர் அறையில் ஒரு குழந்தை அழுதது. ஜெர்லின் வெளியே வந்து என்னைப் பார்த்தாள், வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு உள்ளே போனாள். நான் வராந்தாவில் நின்றேன். முப்பது வருஷத்தில் அப்படி நின்றதில்லை. இரண்டாவது குத்தில் கிடைத்துவிட்டது என்று அழுகையின் சத்தத்திலேயே தெரிந்தது. சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்து வந்தன.

ஆகஸ்ட் 9, புதன்

திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்த்தோம். என்னை வராந்தாவில் நடக்கச் சொன்னார். வலது கை வீசியது, இடது கை வீசவில்லை. ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப்போகச் சின்னதானது. "வாசனை தெரியுதா?" என்று கேட்டார். சேலையெல்லாம் பெட்ரோலோடு நான் நின்ற நாளை ஜஸ்டஸ் சொன்னார்.

பார்க்கின்சன். டாக்டர் சொன்னதும் ஜஸ்டஸ் என் முகத்தைப் பார்த்தார். ஏப்ரலில் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட பேர்தான். மாத்திரை உண்டு, பல வருஷம் நடமாடலாம், கை கால் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், தோட்டவேலை ரொம்ப நல்லது என்றார்.

"பெட்ரோல் மெஷின் பிடிக்கலாமா சார்?" என்று இவர் கேட்டார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது ஷைனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப இன்வெர்ட்டர் கத?" என்றாள் அவள், அழுதுகொண்டே.

ஆகஸ்ட் 12, சனி

ஆரஞ்சு மெஷினை ஆட்டோவில் ஏற்றி ரசலையன் கடைக்குக் கொண்டுபோனோம்.

"என்ன சிஸ்டர், ரிப்பேரா? புதுசுல்லா?"

"மெஷினுக்கு ரிப்பேர் இல்ல. மாத்தணும்."

"எதுக்கு வேணும், சொல்லுங்க. புல்லா, கொப்பா?"

"எல்லாத்துக்கும்தான். பிடிக்கப் போறது நான்." ஜஸ்டஸ் பக்கத்தில் நின்றார். "எனக்கு இடது கை நடுங்கும் அண்ணே. சீக்கு. இனிக் கூடுமே தவிரக் குறையாது. அதுக்குத் தக்கதா ஒண்ணு எடுத்துத் தாங்க."

கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ரசலையன் உள்ளே போய், அன்றைக்கு நான் விளையாட்டுச் சாமான் என்று சொன்ன அதே பேட்டரி மெஷினை எடுத்து வந்தார். பெல்ட்டைக் குறுக்காக மாற்றிக் கட்டினார். கைப்பிடியைத் தளர்த்தி, கனம் எல்லாம் வலது தோளில் வருமாறு இறக்கி வைத்தார். இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பின்னால் உள்ள காலி இடத்தில் கோரை மறுபடியும் வளர்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினேன். அதே சின்ன முனகல். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெட்டினேன், நேராக, அவசரப்படாமல். ஒரு செடியும் வீணாகப் போகவில்லை.

பொத்தானை விட்டேன். மெஷின் நின்றது. இடது கை நிற்கவில்லை. ரசலையன் பார்த்தார், வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். ஜஸ்டஸின் கை அவர் பக்கத்தில் அசையாமல் தொங்கியது. நான் என் கையை எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை.